முட்டையிடும் கோழிக்கும் மற்ற பறவைகளுக்கும் கால்சியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்கள், மாடியில் காதல் பறவை வளர்ப்பவர்கள், புதிதாகக் காடை வாங்கியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் முட்டை ஓட்டைப் பற்றிய கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் கிடையாது, பல வருடமாகக் கோழி வளர்ப்பவன், அவ்வளவுதான். பறவை துவண்டு கிடக்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கோழி ஓடே இல்லாமல் தோல் முட்டை போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஒரே ஒரு முறை என்றால் வேண்டாம். கையில் எடுத்தால் சூடாக, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி ஆடும், விரல் வைத்தால் பள்ளம் விழும், முதல் தடவை பார்ப்பவர்களுக்குப் பகீரென்றுதான் இருக்கும். முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழி முதல் இரண்டு மூன்று முட்டையை இப்படிப் போடுவது சாதாரணம், அதன் உடம்பு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ராத்திரியில் நாயோ பூனையோ கூட்டைச் சுற்றி வந்து கோழிகள் மிரண்டாலும் மறுநாள் காலையில் தோல் முட்டை கிடக்கும், ஏனென்றால் ஓடு வேலை முடிவதற்குள் முட்டை வெளியே வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு வாரத்தில் மூன்று நான்கு தோல் முட்டை வருகிறது, அல்லது பல கோழிகள் மெல்லிய ஓட்டோடு போடுகின்றன, முட்டையை எடுக்கும்போதே விரிசல் விடுகிறது என்றால் தீவனத்தைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு முட்டைக்கு எவ்வளவு கால்சியம் செலவாகிறது?

கடையில் வாங்கும் பண்ணை முட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஓடு மட்டும் 5 முதல் 6 கிராம் வரும். அந்த ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதே பொருள்தான். அதில் சுத்தமான கால்சியத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 2 கிராம். கோழி தின்னும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது, பாதி அல்லது அதற்குச் சற்று மேல்தான் சேரும். அதனால் தினமும் முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் கால்சியம் வயிற்றுக்குள் போயாக வேண்டும். லேயர் தீவனத்தில், அதாவது முட்டையிடும் கோழிக்கென்று தயாரிக்கும் தீவனத்தில், 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருப்பதற்குக் காரணம் இதுதான், கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 110 கிராம் தின்றால் கணக்கு சரியாக வரும்.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான். ஒரு கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருக்கும் கால்சியம் சுமார் 20 கிராம். அதாவது ஒவ்வொரு முட்டையோடும் தன் எலும்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான கால்சியத்தை அது வெளியே தள்ளுகிறது. நாம் கொடுக்கவில்லை என்றால் முட்டை உடனே நின்றுவிடாது. கொஞ்ச நாள் எலும்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். நாமும் முட்டை வருகிறதே என்று நிம்மதியாக இருப்போம்.

எந்த நேரத்தில் கொடுப்பது? காலையிலா, மாலையிலா?

மாலையில். எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன், ஆனால் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

முட்டை உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு விடுபட்டு, அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேர மூன்று மணி நேரம், மெல்லிய சவ்வு போர்த்த ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மீதி 20 மணி நேரம் முழுவதும் ஓடு கட்டுவதற்குத்தான். கோழி பெரும்பாலும் காலையில் முட்டை இடுவதால், ஓடு மும்முரமாகக் கட்டப்படுவது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியற்காலை வரை. அந்த நேரத்தில் இரத்தத்தில் ஓடும் கால்சியம் முழுவதையும் கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் ஓட்டுக்காக உறிஞ்சி எடுக்கும் வேகத்தில் வேலை நடக்கிறது. ஆனால் கோழியோ இருட்டியதும் கூட்டில் ஏறித் தூங்கிவிடுகிறது, விடியும் வரை ஒரு வாய் தின்னாது.

அப்படியானால் ராத்திரி முழுக்கக் கால்சியம் எங்கிருந்து வரும்? அடையப் போகும்போது வயிற்றில் என்ன கிடந்ததோ அதிலிருந்து. அதுவும் தீர்ந்தால் எலும்பிலிருந்து. முட்டையிடத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கோழியின் கால் எலும்புகளுக்குள், மஜ்ஜை இருக்கும் குழியில், தனியாக ஒரு சேமிப்பு எலும்பு வளரத் தொடங்குகிறது. ராத்திரியில் கரைந்து, பகலில் மறுபடி நிரம்பும் கிட்டங்கி மாதிரி அது. வயிற்றில் இருப்பு இருந்தால் கிட்டங்கியிலிருந்து கொஞ்சம்தான் எடுக்கும். இல்லை என்றால் முதலில் கிட்டங்கி காலியாகும், அப்புறம் உடம்பைத் தாங்கும் எலும்பே கரையும்.

நான் செய்வது இதுதான். நான்கு மணி வாக்கில் கடைசித் தீனி போடும்போது ஒரு தட்டில் கிளிஞ்சல் கிரிட்டை, அதாவது சின்னச் சின்னத் துண்டாக உடைத்த கிளிஞ்சலை, தனியாக வைத்துவிடுவேன். அன்றைக்கு முட்டை வேலை நடக்கும் கோழி நேராக அதற்குத்தான் வரும், மற்றவை இரண்டு கொத்துக் கொத்திவிட்டுத் தானியத்துக்குப் போய்விடும். அடையப் போன பிறகு ஒரு கோழியைத் தூக்கிக் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் கிரிட் நறநறவென்று விரலுக்குத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால் அன்றைய ராத்திரியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நாமக்கல் பக்கம் பண்ணைகளிலும் மத்தியானத்துக்கு மேல் தீவனத் தொட்டியில் கல் கிரிட்டைத் தூவிக்கொண்டு போவதைப் பார்க்கலாம், காரணம் இதேதான்.

தூளாகக் கொடுக்கலாமா, கிரிட்டாகக் கொடுக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கிரிட். தூள் சீக்கிரம் கரைந்து சீக்கிரம் போய்விடும், 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகள் அரைவைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும், ராத்திரிக்கு வேண்டியது அதுதான். கம்பு மணி அளவிலிருந்து சோளத்தை உடைத்த அளவு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே தீவனம் கலப்பவர்கள் 100 கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ சுண்ணாம்புக்கல் சேர்க்க வேண்டியிருக்கும், அதில் பாதிக்கு மேல் கிரிட்டாக இருக்கட்டும்.

சிப்பி, கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் மூன்றிலும் கால்சியம் ஏறக்குறைய 38 சதவீதம்தான். எது உங்கள் ஊரில் மலிவோ அதை வாங்குங்கள். தூத்துக்குடி, கடலூர் மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் கிளிஞ்சலைப் பொறுக்கி வந்து, உப்புப் போக நன்றாகக் கழுவிக் காயவைத்து உடைத்துக்கொள்ளலாம்.

ஆற்று மணலும் கூழாங்கல் பொடியும் இதில் சேராது. அவை தானியத்தை அரைக்க உதவும், கரையாது, கால்சியமும் தராது. "மணல்தான் கொத்துகிறதே" என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. கடையில் கிரிட் என்று கொடுப்பது என்னவென்று சந்தேகமாக இருந்தால் எலுமிச்சைச் சாறு பத்துச் சொட்டு விட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும் நுரைத்துப் பொங்கும், மணல் சும்மா கிடக்கும். டோலமைட் கல் வேண்டாம், அதில் மெக்னீசியம் அதிகம், எச்சம் தண்ணீராகப் போகும், ஓடும் கெடும். கோலப்பொடி எந்தக் கல்லை அரைத்தது என்று யாருக்கும் தெரியாது, அதையும் விட்டுவிடுங்கள்.

கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறோமே, அது போதாதா?

போதாது, இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 344 மில்லிகிராம் கால்சியம் என்பது மனிதர்களுக்கு மிக நல்ல அளவு. ஆனால் கோழிக்குத் தேவை ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம். கேழ்வரகிலிருந்து மட்டும் அதைப் பெற வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், அது தின்பதோ நூறு கிராம் சொச்சம். மக்காச்சோளம், அரிசிக் குருணை இவற்றில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். முருங்கைக்கீரை பச்சையாக 100 கிராமுக்கு 300 முதல் 440 மில்லிகிராம், ஆனால் ஒரு கோழி எத்தனை கிராம் கீரை தின்னும்? கீரையைக் கட்டாயம் கொடுங்கள், மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும், வேறு சத்துகளும் கிடைக்கும். ஓட்டுக்கான கால்சியத்தை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து கொடுப்பது சரியா?

எங்கள் பாட்டி காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம்தான் இது. சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து வைப்பார்கள். தெளிநீரால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பலன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்த்த சுண்ணாம்பு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், எவ்வளவு அள்ளிப் போட்டாலும் மீதி அடியில்தான் தங்கும். கரைந்ததில் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. கோழி நாளுக்குக் கால் லிட்டர் குடித்தால் கிடைப்பது 200 மில்லிகிராம் சொச்சம். ஒரு டீஸ்பூன் கிரிட்டில் இதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது.

அடியில் தங்கிய வெள்ளைக் குழம்பைக் கோழி குடித்தாலோ, சுட்ட சுண்ணாம்புக் கல்லை அப்படியே உடைத்துப் போட்டாலோ வாயும் தொண்டையும் வெந்துவிடும். சிப்பியும் சுட்ட சுண்ணாம்பும் ஒன்றுதானே என்று சொல்லாதீர்கள். சுடாத கிளிஞ்சல் சாதுவான பொருள், சூளையில் சுட்டது காரம்.

அப்படியானால் கோழி ஏன் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கொத்துகிறது?

அதற்குத் தேவை இருக்கிறது, வேறு வழி தெரியவில்லை. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் மறுபடி கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும், அதனால் பழைய வெள்ளையடித்த சுவர் அதற்கு உண்மையிலேயே நல்ல கிரிட் மாதிரிதான். கால்சியம் குறைந்த கோழி தானே அதைத் தேடிப் போகும், இது பல பறவைகளிடம் இருக்கும் குணம். இப்போது சுவர்களில் பெயின்ட்தான் இருக்கிறது, அதைக் கொத்த விடக் கூடாது. கோழி சுவரைக் கொத்துவதைப் பார்த்தால் அன்று மாலையே கிரிட் தட்டு வையுங்கள், பெரும்பாலும் சுவரை மறந்துவிடும்.

வீட்டில் மிஞ்சும் முட்டை ஓட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நொறுக்கிக் கொடுங்கள். கொதிக்க வைப்பது கிருமிக்காக. முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள், இல்லாவிட்டால் சில கோழிகள் கூட்டில் கிடக்கும் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்தால் மாற்றுவது மிகக் கஷ்டம், பெரும்பாலும் மெல்லிய ஓடு தற்செயலாக உடைந்து ருசி கண்ட பிறகுதான் அது ஆரம்பிக்கிறது.

ஆனால் ஓட்டை மட்டும் நம்ப முடியாது. ஒரு முட்டை ஓட்டிலிருந்து கிடைக்கும் 2 கிராமில் பாதிதான் உடம்பில் சேரும், அடுத்த முட்டைக்கோ முழுதாக 2 கிராம் வேண்டும். அதிலும் முட்டையை விற்றுவிடுபவர்களுக்கு ஓடே திரும்பி வராது.

குஞ்சுகளும் சேவலும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. எல்லாவற்றுக்கும் லேயர் தீவனம் போடலாமா?

குஞ்சுகளுக்கு வேண்டவே வேண்டாம். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதம் கால்சியம் போதும். அதற்கு 4 சதவீதம் உள்ள தீவனத்தைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும், உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவியது போல வெள்ளைப் படிவு சேர்ந்து குஞ்சுகள் சாகும். அந்த வெள்ளைப் படிவு யூரிக் அமிலத்தின் உப்பு, சிறுநீரகம் வேலை செய்யாததன் அடையாளம். இரண்டு மாதக் குஞ்சுக்கு "சத்தாக இருக்கட்டும்" என்று லேயர் தீவனம் போட்டுப் பாதியை இழந்தவரை எனக்குத் தெரியும், அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

முதல் முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, கொண்டை சிவக்கத் தொடங்கும் சமயத்தில், கால்சியத்தைக் கூட்டலாம். பண்ணைகளில் 16, 17 வாரத்தில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலுள்ள தீவனத்துக்கு மாற்றுவார்கள். எலும்புக்குள் கிட்டங்கி கட்டப்படுவது அப்போதுதான்.

வீட்டில் எல்லா வயதுக் கோழியும் கலந்து இருந்தால், கால்சியம் குறைந்த வளர் தீவனத்தை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு, கிரிட்டைத் தனித் தட்டில் வையுங்கள். பெட்டை எடுத்துக்கொள்ளும், சேவலும் குஞ்சும் பெரும்பாலும் சீண்டாது.

கால்சியம் கொடுத்தும் ஓடு மெலிதாகவே இருக்கிறது. ஏன்?

இந்த இடத்தில்தான் பலரும் கிரிட்டை இரட்டிப்பாக்கிப் பிரச்சினையைப் பெரிதாக்குகிறார்கள். கொடுத்த கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் மேயும் கோழிக்கு அது தோலிலேயே உருவாகிவிடும், அடைத்த கொட்டகையிலேயே இருக்கும் கோழிக்குத் தீவனத்தில் கொடுத்தாக வேண்டும். டி2 என்று எழுதிய மருந்து பறவைக்குச் சரியாகப் பயன்படாது, டி3 தானா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து பாஸ்பரஸ். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி கோழியால் எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. வீட்டில் தீவனம் கலப்பவர்கள் டிசிபி (டை கால்சியம் பாஸ்பேட்) சேர்ப்பது இதற்காகத்தான், 100 கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ. கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்களுக்கு அதிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். எலும்பில் கால்சியம் தங்க பாஸ்பரஸ் துணை வேண்டும், அதே சமயம் பாஸ்பரஸ் மிதமிஞ்சினாலும் ஓடு மெலியும்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கல்லீரலைக் கெடுக்கும், கல்லீரல் கெட்டால் டி3 வேலை செய்யாது, மழைக்காலத்தில் ஓடு மெலிவதற்கு இதை முதலில் சந்தேகப்படுவேன். கிணற்று நீர், போர் நீர் உப்புக் கரித்தால் அதுவும் ஓட்டைக் கெடுக்கும். வயதான கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஆனால் அது போடும் ஓட்டின் அளவு அப்படியே இருக்கும், அதே மாவில் பெரிய தோசை ஊற்றினால் மெலிவது மாதிரி.

அப்புறம் நோய். ஓடு சுருங்கி மடிப்பு மடிப்பாக வந்து, உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடுகிறது, கோழிகள் தும்முகின்றன என்றால் அது தொற்று மூச்சுக்குழல் நோயாக இருக்கலாம். வெள்ளைக்கழிச்சல் வந்து பிழைத்த கோழியும் கொஞ்ச நாள் கோணல் முட்டை போடும். இவற்றுக்குக் கிரிட் மருந்து கிடையாது.

கோடையில் மட்டும் ஓடு மெலிகிறதே?

வெயில் ஏறினால் கோழி தீனியைக் குறைத்துவிடும், தீனி குறைந்தால் கால்சியமும் குறையும், இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மீதிப் பாதி அதன் மூச்சில் இருக்கிறது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இறக்கையை விரித்து வேகவேகமாக மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஓடு என்பது கால்சியம் மட்டும் இல்லையே, கால்சியம் கார்பனேட் அல்லவா? அந்தக் கார்பனேட் வருவது இரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடிலிருந்துதான். அதனால் சித்திரை வெயிலில் எவ்வளவு கிரிட் வைத்தாலும் ஓடு முழுதாகத் தேறாது.

நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதல் வைத்தியம். மண்பானைத் தண்ணீர், கூரை மேல் தென்னங்கீற்று, ஈரச் சாக்கு, காற்றோட்டம். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள், நடுப்பகலில் தீனி போட்டால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

கோழி திடீரென்று எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. கால்சியம் குறைவா?

இருக்கலாம். நான் கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம், தினமும் முட்டையிட்டுக்கொண்டிருந்த வெள்ளைப் பெட்டை ஒன்று ஒரு காலையில் இப்படித்தான் கிடந்தது. கண் தெளிவாக இருந்தது, கையில் தானியம் கொடுத்தால் கொத்தியது, கால்தான் ஊன்ற முடியவில்லை. தூக்கி நெஞ்சைத் தடவினபோது நெஞ்செலும்பு நேராக இல்லாமல் நெளிந்து விரலுக்கு மெத்தென்று இருந்தது. நான் அதற்குப் போட்டுக்கொண்டிருந்தது குருணையும் கம்பும் மட்டும். முந்தைய நாள் வரை முட்டை போட்டது, ஓடும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஓடு நன்றாக இருந்ததால் கோழியும் நன்றாக இருக்கிறது என்று நம்பியதுதான் என் தப்பு.

இப்படி விழுந்த கோழியை உடனே தனியே எடுத்து, மெத்தென்ற வைக்கோலில் கிடத்தி, வாய்க்கு எட்டுகிற மாதிரி தண்ணீரும் தீனியும் கிரிட்டும் வையுங்கள். மற்ற கோழிகள் கொத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவர் கால்சியம் மருந்து கொடுத்தால் சில சமயம் ஒரு நாளிலேயே எழுந்து நிற்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு கோழியின் நெஞ்செலும்பையும் விரலால் தடவிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். கால் விழுவதற்கு மற்ற நோய்களும் காரணமாகலாம், ஒன்றுக்கு மேற்பட்ட கோழி விழுந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாட்டுக்கோழிக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

குறைவாகப் பார்த்தால் போதும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை. முட்டையும் 40, 45 கிராம்தான். அடைகாக்கும் நாட்களிலும் குஞ்சோடு திரியும் நாட்களிலும் எலும்பை நிரப்பிக்கொள்ள அதற்கு அவகாசம் இருக்கிறது. மேயும்போது நத்தை, பூச்சி, மண் எல்லாம் கொத்தும். கூண்டில் வருடத்துக்கு 300-க்கு மேல் இடும் கோழிக்கு அந்த அவகாசமே இல்லை. நாட்டுக்கோழிக்கு முட்டையிடும் நாட்களில் மாலையில் ஒரு டீஸ்பூன் கிரிட் என்ற கணக்கில் வையுங்கள். ஆனால் அடைத்து வளர்க்கும் நாட்டுக்கோழியை மேயும் கோழி மாதிரி நினைக்காதீர்கள், உங்கள் கையை விட்டால் அதற்கு வேறு வழி இல்லை.

காடை, வாத்து, புறா?

காடை ஆறு ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும், அதனால் குஞ்சுத் தீவனத்திலிருந்து மாற்றுவதில் தாமதம் கூடாது. அதன் தீவனத்தில் 2.5 முதல் 3 சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும், கிரிட்டும் சிறிதாக, ரவை அளவுக்கு நொறுக்கியதாக இருக்கட்டும்.

வயலில் மேய்க்கும் வாத்துக்கு நத்தைதான் கிரிட். டெல்டா பக்கம் அறுவடை முடிந்த வயலில் விட்ட வாத்துக் கூட்டம் நத்தையை ஓட்டோடு விழுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், புரதமும் கால்சியமும் ஒரே வாயில். காட்டுப் பறவைகளுக்கும் இதே கதைதான். நெதர்லாந்துக் காடுகளில் அமில மழையால் மண்ணில் சுண்ணாம்பு குறைந்து நத்தைகள் அருகிப்போனபோது, நம்மூர்ப் பட்டாணிக் குருவிக்கு உறவான சிட்டுகள் மெல்லிய ஓட்டு முட்டைகள் இட்டதை ஆய்வாளர்கள் 1990-களில் கண்டுபிடித்து எழுதினார்கள். கொட்டிலில் வளரும் வாத்துக்கு நத்தை கிடையாது, ஒரு வாளியில் கிளிஞ்சல் வைத்துவிடுங்கள்.

புறாவுக்குச் செங்கல் தூள் மட்டும் வைக்கிறார்கள், அதில் கால்சியம் பெரிதாக ஒன்றும் இல்லை, சிப்பித் தூளையும் கலந்து வையுங்கள்.

காதல் பறவைப் பெட்டை கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, வால் ஆடுகிறது, முட்டை வரவில்லை. என்ன செய்வது?

இது அவசரம். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவே கால்சியம் வேண்டும், தினையை மட்டுமே தின்று வளரும் சிறு பறவைக்கு அது போதுமான அளவில் இருப்பதில்லை. தினையில் 100 கிராமுக்கு 31 மில்லிகிராம்தான். பறவையைச் சூடான இடத்தில், பல்பு வெளிச்சம் ஒரு பக்கம் படுகிற பெட்டியில், பக்கத்தில் தண்ணீரோடு வைத்துப் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். வயிற்றை அழுத்தி முட்டையை எடுக்க முயலாதீர்கள், உள்ளே உடைந்தால் பறவை போய்விடும். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், இத்தனை சின்ன உடம்புக்கு ஒரு நாள் மிக நீளம்.

இது வராமல் இருக்கக் கடல் நுரையைக் கூண்டில் எப்போதும் கட்டித் தொங்கவிடுங்கள். கணவாய் மீனின் உள் ஓடுதான் அது, பறவைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். மென்மையான பக்கம் பறவையைப் பார்த்து இருக்க வேண்டும். கூண்டைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள், கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் பயன் இல்லை. ஒரே பெட்டையை வருடம் முழுக்க முட்டையிட விடாமல் பானையை எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

கால்சியம் அதிகமானால் என்ன ஆகும்?

ஓட்டின் மேல் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாகப் புள்ளிகள் வரலாம், எச்சம் வெள்ளையாகத் தூள் தூளாக இருக்கும், தீவனத்தின் ருசி கெட்டு கோழி குறைவாகத் தின்னும். தீவனத்தில் அளவுக்கு மேல் கலக்கும்போதுதான் இது நடக்கிறது, ஏனென்றால் கோழி வேறு வழி இல்லாமல் தின்கிறது. தனித் தட்டில் வைத்தால் வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். லேயர் தீவனமும் போட்டு, டானிக்கும் ஊற்றி, கிரிட்டும் கலந்து என்று மூன்றையும் ஒன்றாகச் செய்யாதீர்கள்.

பழுப்பு ஓடு வெள்ளை ஓட்டைவிட உறுதியா?

நிறம் இனத்தைப் பொறுத்தது, உறுதி தீனியையும் வயதையும் பொறுத்தது.

கிரிட் வைக்கத் தொடங்கி எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

ஓட்டில் நாலைந்து நாளிலேயே தெரியும். இருட்டில் முட்டையின் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள், மெல்லிய ஓட்டில் வெளிச்சம் திட்டுத் திட்டாகப் பரவும், மயிரிழை விரிசலும் தெரியும். முதல் நாள் முட்டை ஒன்றையும் ஐந்தாம் நாள் முட்டை ஒன்றையும் பென்சிலால் தேதி எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஒரு வாரம் ஆகியும் மாற்றம் இல்லை என்றால் குறை கிரிட்டில் இல்லை, மேலே சொன்ன வெயில், டி3, பூஞ்சை, நோய் இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எலும்பு தேறுவதற்கு இன்னும் பல வாரம் பிடிக்கும். அதனால் ஓடு சரியாகிவிட்டது என்று கிரிட் தட்டை எடுத்துவிடாதீர்கள், முட்டையிடும் காலம் முழுவதும் அது கொட்டகையில் அதே இடத்தில் இருக்கட்டும், மழைச்சாரல் படாத மூலையில்.